உப்பு போட்டும் தேறாத ரெசின்: திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் நடந்ததன் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரை ஒட்டிய ஒரு சாயப்பட்டறை. பனியன் துணிக்குச் சாயம் போடும் நடுத்தர அளவு யூனிட். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமல், சொந்தமாகவே சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறார்கள். 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடாமல் நடத்தினால்தான் இந்தத் தொழிலை இங்கே நடத்த முடியும் என்றாகிவிட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆக, இங்கே சாயத் தண்ணீர் முழுவதும் திரும்ப உள்ளேயே சுற்றுகிறது. வரிசை இப்படி: கலவைத் தொட்டி, பாக்டீரியாத் தொட்டி, ஃபெரஸ் சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் போட்டுக் கசடு படியவிடும் தொட்டி, மிச்ச நிறத்தை வெளுக்க ஹைப்போ (குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட்), மணல் ஃபில்டர், தண்ணீரின் கடினத்தன்மையை (ஹார்ட்னஸ்) எடுக்கும் சாஃப்ட்னர், அப்புறம் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ. ஆர்ஓ தள்ளிவிடும் உப்புத் தண்ணீர், அதாவது ரிஜெக்ட், எம்இஇ எனப்படும் ஆவியாக்கிக்குப் போகிறது. விறகு எரித்து அதைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இந்த வரிசையில் மிகச் செலவு பிடிப்பது அந்தக் கடைசிக் கட்டம்தான். முன்னால் எங்கே எது கெட்டாலும் அதன் பில் எம்இஇ வாசலில்தான் வந்து நிற்கும்.

சாஃப்ட்னர் இரண்டு வெஸல், அதாவது தொட்டி. ஒன்று ஓடும்போது மற்றது தயாராக நிற்கும். ஒவ்வொன்றிலும் 2,000 லிட்டர் ரெசின், அதாவது கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் பாலிமர் மணிகள். சாதாரணமாக எல்லோரும் வாங்கும் ஜெல் வகை கேட்டயான் ரெசின்: ஸ்டைரீனையும் எட்டு சதவீதம் டைவினைல் பென்சீனையும் சேர்த்து மணிகளாக்கி, கந்தக அமிலத்தால் சல்ஃபோனேட் செய்தது. 1944இல் டி'அலேலியோ என்ற அமெரிக்க வேதியியலாளர் காப்புரிமை பெற்ற வழிதான் இன்றுவரை அடிப்படை. முதல் வெஸலில் இருந்த ரெசினுக்கு இரண்டு வயதுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவதில் அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்துப் போட்டது. நல்ல தண்ணீரில் இந்த ரெசின் ஐந்து வருடத்துக்கு மேல் தாராளமாக உழைக்கும்.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

பொங்கல் விடுமுறை முடிந்து யூனிட் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. வழக்கமாக ஒரு வெஸலை நாளுக்கு ஒரு முறை ரீஜென் செய்தால், அதாவது உப்புத் தண்ணீர் விட்டு ரெசினை மறுபடி தயாராக்கினால், போதும். அது மெல்ல மெல்ல ஷிஃப்ட்டுக்கு ஒன்று என்று ஆனது. ஒரு ரீஜெனுக்கு சுமார் 240 கிலோ உப்பு. ஒன்றுக்கு மூன்றாகும்போது தினமும் அரை டன் உப்பு கூடுதலாகக் கரைகிறது. அந்த உப்புத் தண்ணீரையும் எம்இஇ காய்ச்ச வேண்டும்.

அதோடு சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசம் ஏறியது. வெளியே வரும் தண்ணீரில் ஹார்ட்னஸ் ரீஜென் முடிந்த சற்று நேரத்திலேயே 25, 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டியது. ஆர்ஓ மெம்பிரேனில் சுண்ணாம்பு படிந்து, அதை ஆசிட் போட்டுக் கழுவும் இடைவெளி பாதியானது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, ஆனால் யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு ரெசினை அலசும் பேக்வாஷ் தண்ணீர் விழும் குழியின் ஓரத்தில் பொன்னிற மணல் போல ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. அது ரெசின். ஆப்பரேட்டர்கள் கவனித்திருக்கிறார்கள். ரெசின் வீணாகிறதே என்று பேக்வாஷ் வேகத்தைக் குறைத்தும் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வேகம் குறைந்ததால் மேலே தங்கிய கசடு வெளியேறாமல் அடைத்து, பிரஷர் இன்னும் ஏறியது.

அதுவரை யூனிட் செய்தது

ரெசின் விற்றவரை அழைத்தார்கள். அவர் மணியின் பழுப்பு நிறத்தைப் பார்த்து, இரும்பு படிந்திருக்கிறது என்று சொல்லி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவித் தந்தார். அது தவறான யோசனை அல்ல. ஃபெரஸ் சல்ஃபேட் போடும் இடத்தில் இரும்பு தப்பி வரத்தான் செய்யும், கழுவிய தண்ணீரும் மஞ்சளாகத்தான் இறங்கியது. சில நாள் கொஞ்சம் தேறியது போலிருந்தது. பிறகு பழையபடியே.

அடுத்து உப்பைக் கூட்டினார்கள். அதற்கும் பலன் ரொம்பக் கொஞ்சம்தான். மூன்றாவதாக, குறைந்த அளவுக்குப் புது ரெசின் வாங்கி மேலே போட்டு நிரப்பலாம் என்று பேச்சு வந்தது. வெஸலைத் திறந்து பார்த்தால் நிரப்ப இடமே இல்லை. ரெசின் மட்டம் குறைந்திருக்க வேண்டிய இடத்தில் உயர்ந்து, தண்ணீரைப் பரப்பிவிடும் மேல் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. குழியில் அவ்வளவு மணி போயும் உள்ளே மட்டம் ஏறியிருக்கிறது!

“ரெசின் போலி போலிருக்குதுங்க, அந்தாளு ஏமாத்திட்டாருங்க” என்று முதலாளி முடிவுக்கே வந்துவிட்டார். பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதவும் ஏற்பாடானது. அந்தக் கட்டத்தில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ரெசினைக் கையில் எடுத்துப் பார்த்தபோது

மட்டம் ஏறியிருக்கிறது என்ற ஒரு தகவலே திசையைக் காட்டிவிட்டது. இரும்பு அடைத்தால் ரெசின் ஊதாது. உப்பு போதாவிட்டாலும் ஊதாது. மணி தண்ணீரைக் குடித்துப் பெருத்தால்தான் மட்டம் ஏறும்.

மேலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு நகங்களுக்கு நடுவே ஒவ்வொரு மணியாக நசுக்கிப் பார்த்தோம். நல்ல ரெசின் மணி எதிர்த்து நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று உடைந்து பொடியாகும். இது உடையவில்லை. தட்டையாகி, நகத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டரும் ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, “கொழகொழன்னு இருக்குதுங் சார், புதுசுல இப்பிடி இல்லீங்” என்றார். சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி பிடித்துக் குலுக்கினால் நுரை சற்று நேரம் நின்றது. சாயத் தண்ணீரில் நுரைக்க வேறு பொருள்களும் உண்டு என்பதால் அதைப் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளந்து பார்க்க வேண்டும் இல்லையா. மணிக்குள் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்பதே இங்கே அளக்க வேண்டிய எண். அதற்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதில்லை. எந்தச் சாயப்பட்டறை லேபிலும் துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்க நல்ல எலக்ட்ரானிக் தராசும் ஒரு சூட்டடுப்பும் இருக்கும். ஈர மணிகளைப் பனியன் துணியில் பரப்பி, அழுத்தாமல் உருட்டி மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, காலையில் மறுபடி எடை. துணியில் உருட்டுவதில் ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே வரும். அதனால் பிரிக்காத மூட்டையிலிருந்து புது ரெசினையும் அதே துணியில் உருட்டி, அதே அடுப்பில் பக்கத்திலேயே வைத்தோம்.

புதியது 46 சதவீதம் காட்டியது. விற்பனைத் தாளில் 43 முதல் 48 வரை என்று போட்டிருந்தது, பொருந்துகிறது. முதல் வெஸலின் மேல்பகுதி 63, நடுப்பகுதி 59, அடிப்பகுதி 54. இரண்டாவது வெஸல் சராசரியாக 55. மேலே அதிகம், கீழே குறைவு என்பதை வைத்து மட்டும் தாக்கியது மேலிருந்து வந்த தண்ணீர்தான் என்று சொல்லிவிட முடியாது. பேக்வாஷில் ரெசின் கலைந்து அடங்கும்போது ஊதிய லேசான மணிகள் எப்படியும் மேலேதான் வந்து தங்கும்.

அதைவிட வலுவான சாட்சி அதே வளாகத்துக்குள்ளேயே இருந்தது. பாய்லருக்குப் போகும் போர்வெல் தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்ன சாஃப்ட்னர். அதில் போட்டது முதல் வெஸலுக்கு வந்த அதே லாட் மூட்டைகள், அதே மாதம். அதன் ஈரம் 47. மணிகள் திடமாக, டக்கென்று உடைந்தன. கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று முதலாளியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டோம். ரெசின் போலி இல்லை. கழிவுநீர் வரிசையில் ஏதோ ஒன்றுதான் அதைத் தின்கிறது.

கோவையிலுள்ள ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, அயனி மாற்றும் திறனை இரண்டு விதமாகக் கேட்டோம். உலர்ந்த ஒரு கிராமுக்கு எவ்வளவு, ஈரமான ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று. உலர் கணக்கில் புதியது 4.6, பழையது 4.7 மில்லி ஈக்விவலென்ட். வித்தியாசமே இல்லை. லிட்டர் கணக்கில் புதியது 2.0 ஈக்விவலென்ட், பழையது 1.3. இந்த இரண்டு வரிகளும் சேர்ந்துதான் விஷயத்தைத் திறந்து காட்டின. பலர் முதல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ‘ரெசின் நன்றாக இருக்கிறது’ என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள்.

ஆக்சிஜனேற்றம் எதைத் தொடுகிறது, எதை விடுகிறது

குளோரினோ பெராக்சைடோ இந்த ரெசினைக் கண்ட இடத்திலெல்லாம் தாக்குவதில்லை. கால்சியத்தைப் பிடிக்கும் சல்ஃபோனிக் குழுவை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அந்தக் குழு ஏறிய பென்சீன் வளையமும் எலக்ட்ரான் இழுபட்ட நிலையில் இருப்பதால் எளிதில் வழிவிடாது. பலவீனமான இடம் வளையத்தை ஒட்டி, சங்கிலியில் உட்கார்ந்திருக்கும் கார்பன். அதிலுள்ள ஹைட்ரஜன் மட்டும் லேசாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் வந்து சேரும், அங்கே பெராக்சைடு உருவாகும், அப்புறம் சங்கிலி அந்த இடத்திலேயே முறியும். முறிந்த நுனிகள் கீட்டோனாகவோ கார்பாக்சிலிக் அமிலமாகவோ முடியும்.

டைவினைல் பென்சீன் என்பது இரண்டு சங்கிலிகளை இழுத்துக் கட்டும் குறுக்குக் கட்டு. இப்படிப்பட்ட கார்பன் அதில் இரண்டு பக்கமும் உண்டு. கட்டுகள் அங்கங்கே அறும்போது, கண்ணி விட்ட பனியன் துணி போல மணி தளர்ந்து விரிகிறது. விரிந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது. மணிக்குள் வேலை செய்யும் குழுக்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு லிட்டர் இடத்தில் இப்போது முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கின்றன. அதனால்தான் உலர் எண் மாறவில்லை, லிட்டர் எண் விழுந்தது. அறுந்த துண்டுகளில் சின்னவை கரைந்து தண்ணீரோடு போகின்றன. அவை சல்ஃபோனேட் ஏறிய பாலிஸ்டைரீன் என்பதால் நுரைக்கும்.

உப்பும் ஆசிடும் இங்கே ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. ரெண்டும் அடைப்பை நீக்கும், பிடித்ததை விடுவிக்கும். அறுந்த கார்பன் கட்டை எந்த மருந்தும் திரும்ப முடிச்சுப் போடாது.

இரும்பு இந்தக் கதையில் உடந்தை. இரும்பு, செம்பு, மாங்கனீஸ் ஆகியவை மிகச் சிறிய அளவில் இருந்தாலே இந்த முறிவைப் பல மடங்கு வேகமாக்கும். இந்த யூனிட்டில் சாஃப்ட்னருக்கு வரும் தண்ணீரில் இரும்பு 0.5 பிபிஎம் வரை இருந்தது. சாயத் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவது இன்னொரு பாதகம்.

ஆக்சிஜனேற்றத்தின் இந்தத் தேர்ந்தெடுத்துத் தாக்கும் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் தொழில்களும் உண்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குக் குரோம் முலாம் பூசுகிறவர்கள் முதலில் அதைச் சூடான குரோமிக், கந்தக அமிலக் கலவையில் முக்குகிறார்கள். அமிலம் பியூட்டாடையீன் ரப்பர் துகள்களை ஆக்சிஜனேற்றித் தின்றுவிட்டு, சுற்றியுள்ள ஸ்டைரீன், அக்ரிலோநைட்ரைல் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அந்த நுண்குழிகளில்தான் உலோகம் பிடித்து நிற்கிறது. அங்கே காசு கொடுத்துச் செய்வது இங்கே கேட்காமலே நடந்துகொண்டிருந்தது.

இரவு ஷிஃப்ட்

சந்தேகப்பட இரண்டு பேர் இருந்தார்கள்: துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நிறம் எடுக்கும் ஹைப்போ. பெராக்சைடு கலவைத் தொட்டியிலும் பாக்டீரியாத் தொட்டியிலும் நெடுநேரம் தங்கி வருகிறது. பாக்டீரியாத் தொட்டியைத் தாண்டிய தண்ணீரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை. அது கழிந்தது.

ஹைப்போ விஷயத்தில் ரெஜிஸ்டர் எங்களோடு ஒத்துப்போகவில்லை. பல மாதங்களாக ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சாஃப்ட்னர் முன் குளோரின் ‘நில்’ என்றே எழுதியிருந்தது. பகலில் நாங்களே எடுத்துப் பார்த்தபோதும் 0.5 பிபிஎம்முக்கு மேல் வரவில்லை. இந்த அளவுக்கு ரெசின் இரண்டு வருடத்தில் இப்படி ஆகாது.

சரி, ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று போனோம். நேவி, கறுப்பு போன்ற அடர் நிற லாட்டுகளை இந்த யூனிட் பெரும்பாலும் இரவில் ஓட்டுகிறது. அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்கு வரும்போது நிறம் இறங்க மறுக்கும். இரவு ஆப்பரேட்டர் ஹைப்போ பம்ப்பின் ஸ்ட்ரோக்கை, அதாவது ஒரு தள்ளலுக்கு எவ்வளவு போகும் என்ற அளவை, திருகி ஏற்றுவார். எவ்வளவு என்பதற்கு அளவுகோல் கண்தான். கேட்டதற்கு அவர் ஒளிக்கவே இல்லை: “கலர் எறங்கலீன்னா காத்தால மேனேஜர் வையறாருங் சார். அதனால ஒரு சுத்து சேத்தித் திருப்பி வெச்சுருவேனுங்.”

அவரையே டெஸ்ட் செய்து காட்டச் சொன்னோம். சாஃப்ட்னர் முன் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்தார், குளோரின் இருந்தால் சிவக்கும் டிபிடி மாத்திரையைப் போட்டார். ஒரு கண் சிமிட்டும் நேரம் இளஞ்சிவப்பு கிளம்பியது. உடனே மறைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. அவர் ரெஜிஸ்டரை எடுத்து ‘நில்’ என்று எழுதப் போனார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டும்போது அது டிபிடி நிறத்தையே வெளுத்துவிடும். பார்ப்பவருக்குப் பூஜ்யம் போலத் தெரியும். அதே தண்ணீரை ஒன்றுக்குப் பத்தாக டிஸ்டில்டு வாட்டரில் கலந்து மாத்திரை போட்டோம். சிவப்பு அப்படியே நின்றது. பொட்டாசியம் அயோடைடு, தயோசல்ஃபேட் கொண்டு டைட்ரேஷன் செய்ததில் 12 முதல் 15 பிபிஎம் வந்தது. அவர் இத்தனை நாளும் எழுதியது பொய் இல்லை. தான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். இப்படியும் நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

குளோரினைக் கொல்ல எஸ்எம்பிஎஸ், அதாவது சோடியம் மெட்டாபைசல்ஃபைட், இந்த யூனிட்டில் இல்லாமல் இல்லை. ஒழுங்காகவே போட்டுக்கொண்டிருந்தார்கள், சாஃப்ட்னருக்குப் பின்னால், ஆர்ஓவுக்குச் சற்று முன்னால். மெம்பிரேன் குளோரினைத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதன் வாசலில் காவல் போட்டார்கள். அதற்கு முன்னால் இருக்கும் ரெசினும் ஒரு பாலிமர்தான் என்பது வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லை. கொங்குப் பக்கம் பல இடங்களில் இதே வரிசையைப் பார்த்திருக்கிறோம். குளோரின் கொஞ்சமாக வரும் இடங்களில் பாதிப்பு மெல்ல வருவதால் கணக்கில் வருவதில்லை.

எடுத்த முடிவுகள்

புது ரெசினை உடனே வாங்கிக் கொட்ட வேண்டாம் என்பதுதான் முதல் முடிவு. காரணத்தை நிறுத்தாமல் கொட்டினால் அதுவும் அதே வழிதான். முதலாளிக்கு இதில் பொறுமை குறைவாக இருந்தது, அதையும் குறை சொல்ல முடியாது. எம்இஇ விறகுச் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. அதுவரை சமாளிக்க, ஓரளவு தேறிய இரண்டாவது வெஸலை அதிகமாகவும் முதலாவதைக் குறைவாகவும் ஓட்டினார்கள்.

குளோரினை எங்கே, எதைக் கொண்டு கொல்வது என்பதில் இரண்டு யோசனை இருந்தது. கார்பன் ஃபில்டர் வைக்கலாம் என்றார் மேனேஜர். கார்பன் குளோரினை நன்றாகவே எடுக்கும். ஆனால் இந்தத் தண்ணீரில் மிச்சச் சாயமும் கரிமப் பொருளும் அதை முதலில் நிரப்பிவிடும், பாக்டீரியாவுக்கும் அது நல்ல வீடு. அதனால் எஸ்எம்பிஎஸ் போடும் இடத்தையே முன்னுக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. கணக்குப்படி ஒரு பங்கு குளோரினுக்கு 1.34 பங்கு எஸ்எம்பிஎஸ் போதும். நடைமுறையில் மூன்று பங்கு வரை போடுவார்கள், கரைசல் காற்றுப் பட்டே பலமிழப்பதும் ஒரு காரணம். இரண்டு நாளைக்கு மேல் பழைய கரைசல் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். பின்னால், தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் பலத்தைக் காட்டும் ஓஆர்பி மீட்டர் ஒன்றும் வைத்தோம். அதன் செட் பாயிண்டை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அதே தண்ணீரில் டைட்ரேஷன் எண்ணையும் மீட்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தே வைத்தோம்.

ஹைப்போ பம்ப்பின் ஸ்ட்ரோக்குக்கு மேல் வரம்பு ஒன்று போட்டுப் பூட்டினோம். இரவில் நிறம் இறங்காவிட்டால் தண்ணீரைத் திருப்பிக் கலவைத் தொட்டிக்கு விடலாம், அதற்காக ஆப்பரேட்டரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். என்னைக் கேட்டால், மீட்டரைவிட இந்த வாக்குதான் அதிகம் வேலை செய்தது.

ரெசின் வகையைப் பற்றியும் விவாதம் நடந்தது. குறுக்குக் கட்டு பத்து சதவீதம் உள்ள ரெசின் ஆக்சிஜனேற்றத்தைக் கூடுதல் காலம் தாங்கும். விலை அதிகம், ரீஜென் கொஞ்சம் மெதுவாக நடக்கும். முதல் வெஸலுக்கு அதையே வாங்கினார்கள். எப்போதாவது எஸ்எம்பிஎஸ் பம்ப் நின்றுபோனால் தப்பிக்க அவகாசம் வேண்டும் என்ற கணக்கில் மட்டும்தான் இது. குளோரினை விட்டுவிட்டுக் கெட்டி ரெசினை நம்புவது வெறும் தள்ளிப்போடல்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. ஹைப்போ மிச்சமுள்ள ரெசின் மேல் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், எஸ்எம்பிஎஸ் மேல் ஊற்றினால் சல்ஃபர் டைஆக்சைடு. ஆசிட் கழுவலுக்கு முன் வெறும் தண்ணீரால் நன்றாக அலச வேண்டும் என்பது இங்கே எழுதப்படாமல் இருந்தது, எழுதிச் சேர்த்தோம்.

அதன் பிறகு

எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் மணல் ஃபில்டருக்கு முன்னால் போட்டோம், கலந்து வேலை செய்ய நேரம் கிடைக்கும் என்பதால். குளோரின் சாஃப்ட்னர் முன் பூஜ்யத்துக்கு வந்தது, இம்முறை நிஜப் பூஜ்யம். ஆனால் ஐப்பசி மழையில் இன்னொரு தொல்லை முளைத்தது. குளோரின் இல்லாத தண்ணீரில் மணல் ஃபில்டரும் ரெசினும் வழவழவென்று பாசி போலப் பூத்தன. பிரஷர் மறுபடி ஏறியது. மேனேஜர் முகம் வாடிவிட்டது.

அதனால் எஸ்எம்பிஎஸ் இடத்தை மணல் ஃபில்டருக்குப் பின், சாஃப்ட்னர் வாசலுக்கு நகர்த்தி, குழாய்க்குள் ஸ்டாட்டிக் மிக்ஸர் வைத்தோம். மணல் ஃபில்டர் வரை குளோரின் உண்டு, ரெசினுக்கு மட்டும் இல்லை. ரெசினில் வளரும் வழவழப்புக்கு மாதம் ஒரு முறை காரம் கலந்த உப்புக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். இதை ரீஜென் முடிந்த உடனேதான் செய்ய வேண்டும். கால்சியம், மக்னீசியம் ஏறிய ரெசினில் காரத்தை விட்டால் அவை உள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடும்.

முதல் வெஸலின் புது ரெசின் போட்டு ஒரு சாய சீசன் முடிந்திருக்கிறது. ஈரம் போட்ட அன்று இருந்த எண்ணிலேயே நிற்கிறது. ரீஜென் நாளுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது, ஆர்ஓ கழுவல் பழைய இடைவெளிக்குத் திரும்பியது. இரண்டாவது வெஸலின் பழைய ரெசின் 55இலிருந்து 56 ஆகியிருக்கிறது, அளவுப் பிழைக்குள் அடங்கும் மாற்றம்தான். ஆனால் ஏற்கெனவே தளர்ந்தது தளர்ந்ததுதான். அதன் கொள்ளளவு மீளவில்லை, மீளவும் போவதில்லை. அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மாற வேண்டியவை

ரெசினின் ஈரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை துணி லேபிலேயே பார்ப்பது இப்போது அட்டவணையில் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இருந்திருந்தால் 50ஐத் தாண்டும்போதே தெரிந்திருக்கும், 63 வரை போயிருக்காது. வெஸலில் உள்ளே பார்க்கும் சைட் கிளாஸ் கண்ணாடி இருந்தும் ரெசின் மட்டத்துக்குக் கோடு போட்டு வைக்கவில்லை. இப்போது பெயின்ட்டில் கோடும் தேதியும் இருக்கிறது. குளோரின் டெஸ்ட் இரண்டு குப்பியில் நடக்கிறது, ஒன்று நேராக, ஒன்று பத்து மடங்கு நீர்த்து. இரண்டாவது சிவந்து முதலாவது வெளுத்தால் பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

இரும்பு இன்னும் 0.3க்குக் கீழே வரவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் பிஎச்சை உயர்த்தினால் குறையும், ஆனால் கசடு கூடும். கசடுக்கு இடம் இல்லை என்று யூனிட் தயங்குகிறது. அது நியாயமான தயக்கம்தான். குளோரின் வராத வரை இந்த இரும்பு பெரிதாகக் கெடுக்காது என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.

ஹைப்போவை விட்டுவிட்டு நிறத்துக்கு ஓசோன் போடலாம் என்று இயந்திரம் விற்பவர் ஒருவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். உப்புச் சுமை குறையும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் ஓசோன் குளோரினைவிடக் கடுமையான ஆக்சிஜனேற்றி, ரெசின் விஷயத்தில் பென்சீன் வளையத்தையே தாக்கக் கூடியது. அவர் கொடுத்த வரைபடத்தில் ஓசோன் தொட்டியிலிருந்து குழாய் நேராக மணல் ஃபில்டர் வழியாக சாஃப்ட்னருக்குப் போகிறது. நடுவில் மிச்ச ஓசோன் அடங்க ஒரு தங்கல் தொட்டியும் அளக்க ஒரு குழாயும் வரைந்து தரும்வரை ஆர்டர் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். திருத்திய வரைபடம் இன்னும் வரவில்லை.